கண் மூடிச் சொன்ன சேதி

அத்தியாயம் 8

வயலட் டீச்சர் மறுபடியும் கட்டிலை நகர்த்திவிட்டாள்.

சனிக்கிழமை காலை நடைப்பயிற்சி முடிந்து வந்த ஆசீர் ஐயா, சட்டையை மாற்றலாம் என்று படுக்கையறைக்குள் போனவர், ஜன்னலோரம் இருக்க வேண்டிய கட்டில் கதவருகே வந்து நிற்பது தெரியாமல் முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டார்.

"நேத்து இது இங்க இல்லையே?"

"அங்க காத்து வரல."

"போன வாரம் இங்க காத்து வரலன்னு சொல்லித்தான அங்க போட்ட?"

டீச்சர் தலையணை உறையைச் சரிசெய்தாள். காற்றுக்காகவா நகர்த்துகிறாள்? மலாய் நாட்டுக் குளுவாங்கில், தாமான் என்கிற இந்தக் குடியிருப்பில், ஒன்றோடு ஒன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்த நாளிலிருந்தே கட்டிலும் சோபாவும் சாப்பாட்டு மேசையும் ஊர்வலம் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எந்த மூலையில் எதைப் போட்டாலும் அது தன் வீடு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சாயர்புரத்தில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர் ஆசீர் ஐயா. அதே ஊர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவள் அவர் மனைவி வயலட். போதகர் கிடைக்காமல் தவித்த குளுவாங் தமிழ்ச் சபைக்கு இவர்களை மிஷனரிகளாக அனுப்பிவைத்தார்கள். மற்றவர்கள் ஈசி சேரில் சாய்ந்து பேப்பர் படிக்கிற வயதில் இவர்கள் பெட்டி கட்டி விமானம் ஏறினார்கள்.

ஐயாவுக்கு ஊர் பிடித்துப்போயிற்று. செம்பனைத் தோட்டத்து வீடுகளில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். நாலு மலாய் வார்த்தையை வைத்துக்கொண்டு பசாரில் மீன் விலை பேசுகிறார். முப்பது வருஷம் சர்ச் கேட்டைத் தாண்டிப் பிரசங்கம் பண்ணாத மனுஷன் இப்போதுதான் ஊழியக்காரன் ஆனேன் என்கிறார்.

டீச்சருக்குத்தான் கால் தரிக்கவில்லை. நினைத்த நேரத்தில் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து "என்ன குழம்பு?" என்று கேட்டுப் பழகியவள் அவள். இங்கே தெரு முழுக்க இரும்பு கேட்டு. கேட்டுக்கு உள்ளே கம்பிக் கதவு. அதற்கும் உள்ளே ஆளில்லாத வீடு. எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். பார்க்கப் போகிறதென்றால் முதல்நாளே வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தால் அதுவும் இல்லை.

இவர்கள் தங்குவதற்கான பாஸ் அடுத்த மாதம் முடிகிறது. சபை கேட்டுக்கொண்டால்தான் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கிடைக்கும். சபை என்றால் செயலாளர் சதாசிவம்தான். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஐயா அந்தத் திங்கட்கிழமைக்காகவே உயிரோடு இருக்கிறார். டீச்சரோ, அந்தக் கையெழுத்து எப்படியாவது தவறிப்போகாதா என்று உள்ளுக்குள் ஏங்குகிறாள். வாய்விட்டுக் கேட்டதில்லை. கடவுளிடம்கூட. புருஷனுக்கு எதிராக ஜெபம் பண்ணுகிற பெண்டாட்டி என்ன பெண்டாட்டி?

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

"ஜீவன் வந்துட்டான். சேலை கட்டியாச்சா? அண்ணாச்சி வீட்ல எல்லாரும் காத்திருப்பாங்க."

இன்று சதாசிவம் அண்ணாச்சிக்கு எழுபது வயது நிறைகிறது. வீட்டில் ஸ்தோத்திர ஜெபம், அப்புறம் சாப்பாடு.

*

காரை ஓட்டியது சதாசிவத்தின் ஒரே மகன் ஜீவன். வழி முழுக்கக் கலகலப்பாகப் பேசிக்கொண்டே வந்தான்.

"கேக் என்ன சைஸ் தெரியுமா பாஸ்டர்? அலமாக், ஃபிரிட்ஜ்ல போகல! எம்மக லோஷினி, கேக் மேல இருக்கிற கிரீம நோண்டித் தின்னுட்டா. நல்ல வேள, அப்பா பாக்கல."

பின்சீட்டில் இருந்த டீச்சர் அவன் பின்னந்தலையையே பார்த்தாள். இப்படிச் சிரிக்கிற பிள்ளை நெஞ்சுக்குள் எதை வைத்துக்கொண்டு சிரிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

போன வாரம் அவன் மனைவி பிரவீனா டீச்சரின் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அழுததை மறந்திருக்க மாட்டீர்கள். நர்ஸ் வேலை பார்க்கும் பிரவீனாவுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை உறுதியாகிவிட்டது. புருஷன், மகள் லோஷினி, மூன்று பேரும் போகிறார்கள். விசா வருவதுதான் பாக்கி. மாமனாரிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவியை இழந்தபின் பேத்தியே உலகம் என்று இருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தாள். எழுந்து போகும்போது டீச்சரின் கையைப் பிடித்து, "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கம்மா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

சதாசிவம் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். சபையார் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். புதுச் சட்டையில் சதாசிவம் வாசலுக்கே வந்து கைகொடுத்தார். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை அதட்டி வேலை வாங்கிய குரல் இன்னும் குறையவில்லை.

"பாஸ்டரம்மா, வாங்க வாங்க! மேல ஒரு ரூம் கட்டியிருக்கேன், பாக்கணும் நீங்க. லோஷினிக்கு. பெரிய புள்ளையாகப் போறா, தனி ரூம் வேணும்ல? நேத்துதான் பெயிண்டு காஞ்சுச்சு."

"அப்படியா அண்ணாச்சி" என்றாள் டீச்சர். பக்கத்தில் நின்ற பிரவீனா தரையைப் பார்த்தாள்.

பாட்டு முடிந்து, ஐயா சின்னதாக ஒரு பிரசங்கம் செய்தார். பிறகு வழக்கம்போல, "இந்தக் குடும்பத்துக்காக அம்மா ஜெபிப்பாங்க" என்றார். எல்லோரும் முழங்கால் போட்டார்கள். கண்கள் மூடின.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாயர்புரத்தில் ஒருவர் "ஜெபம் பண்ணுங்க" என்று டீச்சரிடம் சொன்னால், அது அடுத்த கூட்டத்தில் பெயரோடு சொல்லப்படும். மகளின் வரன், மருமகனின் குடி, பித்தப்பைக் கல், பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை, எல்லாமே. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஊரே சேர்ந்து கேட்டால்தான் ஜெபத்துக்கு பலம். பெயர் விட்டுப்போனால் "எங்க வீட்ட மறந்துட்டீங்களே டீச்சர்" என்று சண்டைக்கு வருவார்கள். நாற்பது வருஷமாக டீச்சருக்குத் தெரிந்த ஜெபம் இது ஒன்றுதான். கண்ணை மூடினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"அன்பின் பரலோகப் பிதாவே! எழுபது ஆண்டுகள் உமது ஊழியனைக் கண்ணின் மணியைப் போலக் காத்து வந்தீரே, ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது கூடம்.

"இந்த வீட்டைக் கிருபையால் நிரப்பினீரே, ஸ்தோத்திரம். உம்முடைய பிள்ளைகள் ஜீவனையும் பிரவீனாவையும் உம் சமுகத்தில் வைக்கிறோம் ஆண்டவரே. பெர்த் பட்டணத்துக்குக் குடும்பமாய்ப் போகிற காரியத்தை நீரே வாய்க்கப்பண்ணும். விசா தடையில்லாமல் சீக்கிரமாய்க் கிடைக்க..."

ஸ்தோத்திரம் வரவில்லை.

மேலே சுழன்ற மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. டீச்சரின் வாய் இன்னும் அரை வார்த்தை ஓடி நின்றது. என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் திறக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"ஆமென்!"

சதாசிவத்தின் குரல். தனியாக, சத்தமாக, ஜெபத்தை நடுவிலேயே வெட்டிவிட்டு அவர் எழுந்தார்.

"சாப்பிட வாங்க எல்லாரும். சாப்பாடு ஆறிப்போகும்."

*

அவர் பரிமாறியதைப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் நினைப்பீர்கள். ஒவ்வொருவர் தட்டிலும் தன் கையால் ஆட்டுக்கறி வைத்தார். கேக்கை வெட்டி முதல் துண்டைப் பேத்தி வாயில் ஊட்டினார். "தாத்தா ஏன் அழுவுறீங்க?" என்று கேட்ட லோஷினியிடம் சம்பால் காரம் என்றார். ஜீவன் "அப்பா" என்று பக்கத்தில் போன இரண்டு தடவையும், கையில் இருந்த சட்டியோடு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார்.

அடுப்படியில் பிரவீனா டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

"நீதான பிள்ள, ஜெபம் பண்ணுங்கன்னு சொன்ன..."

"உங்க வீட்ல பண்ணச் சொன்னேம்மா! நீங்களும் ஆண்டவரும் மட்டும். ஊரக் கூட்டி வச்சு இல்ல!"

"எங்க ஊர்ல..."

"உங்க ஊரு உங்க ஊரும்மா. இது எங்க வீடு." பிரவீனா குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தோம். இன்னிக்கு ஒரு நாள் அவரு சந்தோஷமா இருக்கட்டும்னு நெனச்சோம். மகன் வாயால கேக்க வேண்டியத, முழங்கால் போட்டுக்கிட்டு, வந்தவங்க முன்னால கேட்டுட்டாரு. ஜீவனுக்கும் எம்மேல கோவம், உங்ககிட்ட ஏன் சொன்னேன்னு."

டீச்சர் அவள் கையைத் தொடப் போனாள். பிரவீனா கையை இழுத்துக்கொண்டு தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தலைமை ஆசிரியையாக இருந்தவள், எத்தனையோ பிள்ளைகளை மூலையில் நிற்க வைத்தவள், அன்று அந்த அடுப்படி மூலையில் தானே போய் நின்றாள். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெண் தன் கையை உதறியது வலித்தது. இந்த ஊரில் முன்கூட்டிச் சொல்லாமல் தன் வீட்டுக்கு வந்து பீன்ஸ் நறுக்கித் தந்த ஒரே ஆள் அவள்தான்.

புறப்படும்போது சதாசிவம் வாசல் கேட் வரைக்கும் வந்தார். டீச்சரைப் பார்க்கவில்லை.

"பாஸ்டர், திங்கக்கிழம சைன் விஷயம் பொறகு பேசிக்கலாம்" என்றார் ஐயாவிடம். "இப்ப எனக்கு ஒண்ணும் ஓடல."

*

சபைக்காரர் குணாளன் இவர்களை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். ஐயா போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். டீச்சர் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏதாவது சொல்லுங்களேன். திட்டவாவது செய்யுங்க."

"என்னத்தத் திட்ட? உனக்குப் போகணும்னு இருந்துச்சு. இனி போயிரலாம்."

டீச்சர் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வேணும்னே செஞ்சேன்னு சொல்லுதீங்களா?"

"அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொல்லுதீங்க! எனக்குப் போகணும்னுதான் இருக்கு. ஆமா, இருக்கு. நீங்க சந்தோஷமா இருக்கீங்களேன்னு, அத ஒரு நாளாவது வாயத் திறந்து சொன்னேனா? அதுக்காக ஒரு குடும்பத்த நடுக்கூடத்துல போட்டு உடைப்பேனா?"

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். சொன்னது தப்பு என்று அவருக்குத் தெரியும். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. இன்று அந்த வீட்டில் ஒரு வார்த்தை, இந்த வீட்டில் ஒரு வார்த்தை. இரண்டையும் திரும்ப எடுக்க வழியில்லை.

டீச்சர் விடுவிடுவென்று உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையைப் பிடித்து இழுத்தாள். சுவரோரம் இருந்தது கூடத்தின் நடுவுக்கு வந்தது. அங்கேயும் சரியாக இல்லை.

மழை வந்துவிட்டது. கூரைத் தகரத்தில் கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே மோட்டார் சைக்கிள் சத்தம் ஒன்று கேட்டு வாசலில் நின்றது. ஐயா எழுந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி!"

மழைக்கோட்டு சொட்டச் சொட்ட நின்றார் சதாசிவம். புதுச் சட்டையின் கழுத்து நனைந்திருந்தது. உள்ளே வந்தவர் உட்காரவில்லை. நேராக டீச்சரைப் பார்த்தார்.

"பாஸ்டரம்மா. ஜெபத்த நான் பாதியில நிறுத்திட்டேன். அது தப்பு. என் வீட்டுக்காக ஆரம்பிச்ச ஜெபம் பாதியில கெடக்கக் கூடாது. முடிச்சுக் குடுங்க."

"அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க. நான் தெரியாம..."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ஜெபத்த முடிங்க. ஆனா நீங்க கேட்டத மாத்திக் கேக்கணும்." அவர் குரல் உடைந்தது. "விசா கெடைக்கக் கூடாதுன்னு கேளுங்க."

ஐயா பதறிப்போய் முன்னால் வந்தார். "அண்ணாச்சி, பிள்ளைங்க நல்லா இருக்கத்தான..."

"நீங்க பேசாதீங்க பாஸ்டர். அவங்க ஆரம்பிச்சாங்க, அவங்களே முடிக்கட்டும்." சதாசிவம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் மட்டும் அல்ல அது. "எங்கப்பன் என்னத் தோட்டத்த விட்டு வெளிய அனுப்பல. நான் என் மகனப் படிக்க வச்சேன். எங்க வேணா போடான்னு நான்தான் சொன்னேன். அது கோலாலம்பூர், சிங்கப்பூருக்குச் சொன்னது லா. நாலு மணி நேரத்துல வந்துரலாம். பெர்த்துன்னா? நான் செத்தா வருவான். அவ்வளவுதான். எம்பொண்டாட்டி போனப்பகூட எனக்குத் தனியா இருக்கேன்னு தோணல. அந்தப் புள்ள மடியில வந்து படுத்துக்கிட்டா. மேல ரூமுக்கு அவதான் கலர் சொன்னா."

அவர் மறுபடியும் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க கேட்டா ஆண்டவர் குடுப்பாரு. என் முதுகுவலிக்குக் கேட்டீங்க, போச்சு. குணாளன் பொண்ணுக்குக் கேட்டீங்க, மாப்ள அமைஞ்சுச்சு. இதக் கேளுங்க." கொஞ்சம் நிறுத்தி, ஐயாவைப் பார்க்காமலே சொன்னார். "திங்கக்கிழமைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அது வேற, இது வேற."

சம்பந்தமில்லை என்று அவர் சொன்ன மாத்திரத்தில் சம்பந்தம் வந்துவிட்டது. மூன்று பேருக்கும் அது தெரிந்தது.

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்கால் போட்டாள். ஆண்கள் இருவரும் கண்ணை மூடினார்கள்.

என்ன கேட்பாள்? விசா வேண்டாம் என்று கேட்டால், தன் கையை உதறிவிட்டுப் போன அந்தப் பெண்ணின் வாழ்வுக்கு எதிராகக் கேட்கிறாள். வேண்டும் என்று கேட்டால், நனைந்து நிற்கிற இந்த மனுஷனின் முகத்துக்கு நேரே கேட்கிறாள்; ஐயாவின் இரண்டு வருஷமும் அதோடு போகும். ஒன்றும் கேட்காமல் எழுந்தாலும் அப்படித்தான். பெட்டி கட்டிச் சாயர்புரம் போய்விடலாம். அதுதானே அவள் ஆசை? இப்போது அந்த ஆசை கையெட்டும் தூரத்தில் இருந்தது. தொட அவளுக்குப் பிடிக்கவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. டீச்சரின் உதடு அசையவில்லை. முழங்காலில் நின்று அவள் வாயை மூடிக்கொண்டிருப்பதை ஆசீர் ஐயா கல்யாணமான நாள்முதல் பார்த்ததில்லை. பயந்துபோய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமென்" என்றாள் கடைசியில். மேசைக் காலைப் பிடித்து எழுந்தாள்.

சதாசிவம் விழித்தார். "முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்."

"சத்தமே வரலையே. என்ன கேட்டீங்க?"

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. சொன்னதாலதான் இவ்வளவும் வந்துச்சு."

சதாசிவம் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று ஐயா நினைத்தார். அவர் கோபப்படவில்லை. தளர்ந்துபோய்த் தலையை ஆட்டினார்.

"சரி. கேட்டது அவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். ஐயாவும் டீச்சரும் கூடவே போனார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. சதாசிவம் வண்டியை உதைக்கப் போகும்போது டீச்சரின் கையில் இருந்த கைபேசி அதிர்ந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பிரவீனாவின் பெயர்.

"அம்மா, விசா வந்துருச்சு. இப்பதான் மெயில் பாத்தேன். ஜீவனுக்கே இன்னும் சொல்லல. மாமாவ வீட்ல காணோம், பயமா இருக்கு. அங்க வந்திருந்தா அனுப்பி வைங்க. இத நாங்கதான் சொல்லணும். இந்தத் தடவயாவது, ப்ளீஸ்மா."

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. இனி உங்களோடு பேச்சே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், முதல் ஆளாகத் தன்னிடமே வந்திருக்கிறாள்.

"யாரு பாஸ்டரம்மா? பிரவீனாவா?" சதாசிவம் வண்டியில் இருந்தபடியே கேட்டார். "ஏதாவது சேதியா?"

வாழ்நாளில் சபைப் பெரியவர் ஒருவரிடம் வயலட் டீச்சர் பொய் சொன்னதில்லை. வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளின் பெயரைக்கூட ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறவள் அவள்.

"இல்ல அண்ணாச்சி" என்றாள். "எங்க ஊர்ல இருந்து. நீங்க வீட்டுக்குப் போங்க. பிள்ளைங்க தேடுவாங்க."

அவர் நம்பினார். வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

டீச்சர் கைபேசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினாள். ஆசீர் ஐயா அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். திரையில் இருந்த பெயரை அவர் பார்த்துவிட்டார்.